ஹாரன் வீட்டு ஆங்கிலம்

டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் ஒரு குரல் கொடுத்தால், கடைசி வண்டியில் தூங்குகிறவர்கூட வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். அந்தக் குரல் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் பூனைக்குட்டியாகச் சுருங்கிப்போனது.

விமான நிலைய வண்டி ஓட்ட ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மைத்துனர் தன் பழைய கம்ப்யூட்டரில் பேச்சுப் பயிற்சி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஒரு வாக்கியம் சொல்லும். மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு.

"வேர் வுட் யூ லைக்கு டு கோ?"

சிவப்பு.

"லைக்கு!" என்று அதட்டிப் பார்த்தார். அதற்கும் சிவப்பு.

"எந்த சிக்னல்லயும் இவ்வளவு நேரம் நின்னதில்ல" என்று முணுமுணுத்தார்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, தலையைத் தூக்காமலே, "வேர் வுட் யூ லைக் டு கோ?" என்றாள்.

டிங் என்று மணி அடித்தது. திரை முழுக்கப் பச்சை.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "தெரியாம வாயில வந்துடுச்சுங்க. தினமும் காதுல விழுதில்ல..."

ஹாரனின் முகம் சுண்டிப்போனது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய் வண்டிக்குள் உட்கார்ந்தார். கோபம் மெல்ல வடிந்தது. மணி அடித்தபோது அவள் முகம் போன போக்குதான் மனசில் நின்றது. பாத்திரத்தைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்ட மாதிரி. சரியாகச் சொன்னதற்கா அவள் பயந்தாள்? யாரைப் பார்த்து?

திரும்பி வந்தவர் இன்னொரு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டார்.

"வா, உக்காரு."

"அடுப்பு வேலை கிடக்குதுங்க."

"வெங்காயத்தை நான் பாத்துக்கறேன். நீ சொல்லு, நான் கேட்டுச் சொல்றேன்."

கண்ணில் நீர் வழிய அவர் நறுக்க, அவள் சொல்லிக்கொடுத்தாள். "லைக்குன்னு இழுக்காதீங்க. 'லைக்'னு சொன்னதும் பிரேக் போடுங்க."

அவர் நிஜமாகவே காலைத் தரையில் அழுத்தினார். "லைக்!" டிங். இருவரும் சிரித்த சிரிப்பில் வெங்காயம் நாலாபக்கமும் சிதறியது.

விமான நிலைய வண்டி கிடைத்த அன்றே ஹாரன் மேனேஜர் முன்னால் போய் நின்றார். "ஆபீஸ்ல போன் எடுத்து வண்டிகளுக்கு வயர்லெஸ்ல சொல்ல ஆள் தேடுறீங்களே சார், என்னைவிட நல்லா பேசுற ஆள் எங்க வீட்டுலயே இருக்காங்க." மேனேஜர் அவளை வரச் சொன்னார், பேச வைத்துப் பார்த்து வேலையும் கொடுத்தார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், எல்லா வண்டிகளின் வயர்லெஸ்ஸிலும் அவள் குரல் கேட்டது. ஹாரனின் வண்டி எண்ணைச் சொல்லி, "வேர் ஆர் யூ, ப்ளீஸ்?" என்றாள்.

"ஏர்போர்ட் கேட், மேடம்!" ஹாரன் தன் முழுக் குரலில் முழங்கினார்.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டாளோ என்னவோ, வீட்டில் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டாள்:

"சாப்டீங்களா?"

"சாப்டோம் அண்ணி!" என்றன அத்தனை வண்டிகளும்.