நாலு இஞ்ச் வீரம்

"ரெண்டு இஞ்ச் தூக்குனா போதும்ணா. அதுக்கு மேல போனா வண்டி சாயும்" என்றார் மெக்கானிக். குள்ளனான எனக்கு உயரம் என்றாலே ஆசை. ஜீப்பை உயர்த்தும் லிஃப்ட் கிட்டை நாலு இஞ்சுக்கே மாட்டச் சொன்னேன்.

மறுநாள் மனைவியோடு பழவேற்காடு ஏரிக்கரைச் சேற்றில் வண்டியை இறக்கினேன். அவள் பக்கத்துச் சக்கரங்கள் புதைந்து, ஜீப் தண்ணீரை நோக்கிச் சாய்ந்தது. மூச்சு விட்டால்கூட ஆடியது. அவள் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தாள். நான் என் பக்கக் கதவைத் திறந்தேன். குதித்து ஓடத்தான்.

"யோவ், எறங்காத! நீ எறங்குனா வண்டி அந்தம்மா பக்கம் கவுந்துடும். கம்முனு குந்து!"

சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்து, என் பக்கத்துப் படியில் ஏறித் தொங்கினார். மனைவி என் மடிமேல் ஏறி வெளியே வந்தாள்.

"எனக்காக அசையாம உக்காந்திருந்தீங்களே" என்று கரையில் கண் கலங்கினாள். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறால் பிடிக்கத் திரும்பினார். நான் மனைவியின் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.