காயலான் கடை டிஸ்ப்ளே

இது கட்டிய கதை இல்லை. கேட்டுவிட்டுச் சிரிக்கிற ஆள் என்றால் இப்போதே வேறு பக்கம் புரட்டிக்கொள்ளுங்கள். உங்களைக் கெஞ்சி நம்ப வைக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தலையெழுத்து இல்லை.

நடந்தது மெரிகேவுக்கு. எஸ்டோனியாவில், எங்கள் வோர்ம்சி தீவில். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது. தீவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரீஷியன். யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால், "மொதல்ல வயரிங்க பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் தானே வந்து இதை என்னிடம் சொன்னாள். அதனால்தான் நான் நம்புகிறேன்.

அவள் புருஷன் ஐன், கூரையில் பனி தள்ளப் போய் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கடலுக்கு அந்தப் பக்கம், ஹாப்சலு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை விழுந்தால் அவ்வளவுதான், நடக்கவே முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். படகோ எஞ்சின் கெட்டுத் துறையில் கிடந்தது. நல்ல வேளை, கடல் உறைந்து, பனிப்பாதை திறந்திருந்தது. காரிலேயே கடலைத் தாண்டிக் கூட்டி வந்துவிடலாம்.

கார் இருந்தது. இருபது வருஷப் பழசு. ஆனால் அதன் டேஷ்போர்டுதான் உயிரை வாங்கியது.

டிஸ்ப்ளேயில் எழுத்துகள் பாதி பாதியாகத் தெரியும். வேக முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று பூஜ்யத்துக்கு விழும். ரோட்டில் என்றால் போனால் போகிறது என்று விடலாம். பனிப்பாதையில் முடியாது. அங்கே மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கீழே போகலாம், நாற்பதுக்கு மேலே போகலாம். நடுவில் மட்டும் போகவே கூடாது. அந்த வேகத்தில் பனிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழும்பும். வண்டியோடு சேர்ந்து ஓடும். பனியைப் பிளந்துவிடும். எங்கள் ஊரில் இதை எல்லோரும் அறிவார்கள்.

மெரிகே முள்ளும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த மீட்டரை அப்படியே கழற்றிச் சமையலறை மேஜையில் போட்டாள். பேட்டரி சரி. எர்த் சரி. பட்டை வயரைச் சுத்தம் செய்தாள். விட்டுப்போன இடங்களில் சால்டரிங் வைத்தாள். எழுத்துகள் ஒரு மணி நேரம் வந்தன, மறுபடி போய்விட்டன. கடைசியில் ஹாப்சலுவில் காயலான் கடை வைத்திருக்கும் கல்யூவுக்குப் போன் போட்டாள்.

"அதே மாடல் மீட்டர் ஒண்ணு இருக்கு. உனக்குத்தான் யோகம்" என்றான் கல்யூ.

"ஓடுமா?"

"ஓடும் ஓடும். காய வச்சு, நானே ஓட்டிப் பார்த்தேன்."

காய வைத்து என்று ஏன் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. தபால்காரர் மறுநாள் பனிப்பாதை வழியாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

திறந்து பார்த்தாள். உள்ளே கனெக்டர் பின்களில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டும் நாடு எங்களுடையது. காரின் அடியில், கதவில், பூட்ஸில் எல்லாம் உப்புதான். ரோட்டு உப்பு என்று நினைத்து ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டாள். மூடி வைத்த மீட்டருக்குள் ரோட்டு உப்பு எப்படிப் போகும்? அந்தக் கேள்வி அவளுக்கு அப்போது வரவில்லை. அதைச் சொல்லும்போது தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

பளிச்சென்று வந்தது. ஒரு புள்ளி குறையவில்லை. முள் சொன்னபடி கேட்டது.

வெளி வெப்பம் மட்டும் பூஜ்யம் என்று காட்டியது. வெளியே மைனஸ் பதினான்கு. சென்ஸாரில் மல்டிமீட்டரை வைத்தாள். அது மைனஸ் பதினான்குக்குச் சரியான அளவைத்தான் கொடுத்தது. டிஸ்ப்ளே மட்டும் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. சரி, தொலையட்டும் என்று விட்டாள்.

அப்புறம் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தது. ஹீட்டரை வைத்தாள். போனது. திரும்பிப் பார்த்தால்... மறுபடி படிந்திருந்தது. காருக்குள் கடல்பாசி வாடை.

வெள்ளிக்கிழமை காலை தனியாகக் கடலைத் தாண்டினாள். பாதி வழியில் ஒரு சத்தம்.

பிங்.

டிஸ்ப்ளேயில் எழுத்து. 'பின் வலது: பெல்ட்.'

மெரிகே திரும்பிப் பார்த்தாள். பின் சீட் காலி. அது அவளைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது வேறு. அந்த மாடல் காரில் பின் சீட் பெல்ட்டுக்கு சென்ஸாரே கிடையாது. அங்கே போகிற வயரே கிடையாது. முந்தின கோடையில் அந்தக் காரின் தரைவிரிப்பைத் தூக்கி வயரிங் முழுவதையும் மாற்றியவள் அவள்.

"எதையாவது ஷார்ட் பண்ணி வச்சிருப்பான் கல்யூ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னாளே, அதிலேயே தெரியவில்லையா அவளுக்கு எப்படி இருந்தது என்று?

ஆஸ்பத்திரியில் ஐனைப் பின் சீட்டில் வலது பக்கம் உட்கார வைத்தார்கள். காலை நீட்ட முன் சீட்டை முழுக்கத் தள்ளினார்கள். நர்ஸ் இரண்டு பக்கமும் தலையணை செருகி, பெல்ட்டை இறுக்கி மாட்டினாள். ஆள் அசையவே முடியாது.

"பார்சல் கட்டிட்டாங்க. அட்ரஸ் மட்டும்தான் எழுதல" என்றான் ஐன்.

"வாய மட்டும் கட்டாம விட்டுட்டாங்க" என்றாள் மெரிகே. புருஷன் வீடு திரும்புகிறான் என்ற சந்தோஷம் அவளுக்கு. மறைக்கவே முடியவில்லை.

பனிப்பாதை தொடங்கும் இடத்தில் காவல் நிற்கும் ஹெய்னோ ஜன்னலைத் தட்டினார். சூரியன் ஏற்கெனவே மரங்களுக்குள் இறங்கிவிட்டது.

"பெல்ட் எல்லாம் கழட்டியாச்சா?"

பனிமேல் போகும்போது யாரும் பெல்ட் போடக் கூடாது. அது இங்கே சட்டம். உடைந்தால் குதித்து வெளியே வர வேண்டுமே. மெரிகே தன் பெல்ட்டைக் கழற்றிக் காட்டினாள். பின்னால் ஐன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"கழட்டியாச்சு" என்றாள் மெரிகே.

ஹெய்னோ போகச் சொன்னார்.

"கழட்டினா உருண்டு கீழ விழுந்துருவேன். பத்து கிலோமீட்டர்தானே, விடு" என்றான் ஐன். அவளும் விட்டாள். இடுப்பு போய்விடுமோ என்ற பயம்தான் அவளுக்கு அப்போது பெரிதாக இருந்தது.

ஐம்பதில் போனாள். இரண்டு பக்கமும் வெள்ளை. பாதையைக் காட்டும் குச்சிகள் மட்டும் வந்து வந்து போயின. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை.

பிங்.

'பின் வலது: பெல்ட்.'

"என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. டிஸ்ப்ளே கோளாறு."

பிங். பிங்.

'பின் வலது: கழற்று.'

மெரிகே அதை மறுபடி படித்தாள். கழற்று என்று எந்தக் காரும் சொல்லாது. மாட்டு என்றுதான் சொல்லும்.

"ஐன்... பெல்ட்டக் கழட்டிரு."

"இப்பதானே விடுன்னு சொன்னேன்..."

"யோவ், சொன்னதச் செய்."

பிங். பிங். பிங். பிங்.

கண்ணாடி எல்லாம் மங்கியது. உள்பக்கம் தண்ணீர் வழிந்தது.

'கழற்று. கழற்று. கழற்று.'

"பொறு, நான்தான் கழட்டுறேன்ல" என்றான் ஐன். "நீ எதுக்குக் கைய விடுற?"

மெரிகே மங்கிய கண்ணாடி வழியாகப் பாதைக் குச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கைய எடு, மெரிகே. ஐஸ் மாதிரி இருக்கு."

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

திரும்பிப் பார்த்தாள். கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டது.

நாற்பத்தைந்து...

முப்பத்தெட்டு...

முப்பது.

கம்பளிக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஐனின் கைகள் இரண்டும் கம்பளிக்கு மேலே இருந்தன.

க்ளிக்.

பெல்ட் கழன்றது.

சத்தம் நின்றது.

அப்புறம்... அடியிலிருந்து ஒரு முனகல். நீளமாக. வண்டியோடு கூடவே ஓடி வந்தது.

மடார்.

முன் சக்கரங்கள் உள்ளே போயின. மெரிகே கதவைத் திறந்து குதித்தாள். பின் கதவை இழுத்தாள். ஐனின் கோட் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. இடுப்பைப் பற்றி யார் நினைத்தார்கள்? அவன் அலறினான். அவள் விடவில்லை. பனிமேல் குப்புற விழுந்தபடியே அவனை இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள்.

கார் மூக்கைக் குத்திக்கொண்டு மெதுவாக இறங்கியது. தண்ணீருக்குள் போன பிறகும் டிஸ்ப்ளே வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

கார் விளக்கு மறைந்ததைக் கண்டு ஹெய்னோவின் ஆட்கள் ஸ்னோமொபைலில் வந்து எடுத்தார்கள். ஐன் பிழைத்தான். இடுப்பும் தப்பியது. டாக்டர்களே நம்பவில்லை.

மறுநாள் மெரிகே கல்யூவுக்குப் போன் போட்டாள்.

"அந்த மீட்டர் எந்த வண்டியோடது?"

கல்யூ இழுத்தான். "அது... கடல்லேர்ந்து தூக்கின வண்டி, மெரிகே. ரெண்டு வருஷம் இருக்கும். பாதை திறக்கறதுக்கு முன்னாடியே யாரோ புருஷன் பொண்டாட்டி தாண்டப் பார்த்திருக்காங்க. அவன் வெளிய வந்துட்டான். அந்தம்மா பின்னாடி உக்காந்திருக்கு. பெல்ட்டோட. தப்பா நெனச்சுக்காத, மீட்டர் நல்ல மீட்டர்னுதான் குடுத்தேன்..."

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

அந்தம்மா ஐனைக் காப்பாற்றினாளா? இல்லை, அந்தச் சத்தம் போடாமல் இருந்திருந்தால் மெரிகே வேகத்தைக் குறைத்தே இருக்க மாட்டாளா? எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அவளுக்கும் தெரியவில்லை. ராத்திரி எழுந்து ஐன் மூச்சு விடுகிறானா என்று தொட்டுப் பார்க்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காரைக் கடலிலிருந்து எடுக்க இறங்கிய முக்குளிப்பவன், ஆண்டோ என்று பெயர், ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன். காபி கொடுத்தோம். குடிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேர்தானே வண்டில இருந்தீங்க?" என்றான்.

"ரெண்டு பேர்தான்."

"வெளிய வரும்போது பெல்ட்ட மறுபடி மாட்டினீங்களா?"

ஐன் இல்லையென்று தலையாட்டினான்.

"பின்னாடி வலது பக்கம் பூட்டியிருந்துச்சு. கலங்கல் தண்ணி, கண்ணு தெரியல. கைய விட்டுத் தடவினேன். தோள் தட்டுப்பட்டுச்சு. ஆள் இருக்குன்னு நெனச்சு பெல்ட்ட அறுத்தேன்."

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அறுத்ததும் என் கையத் தள்ளிட்டு மேல போச்சு. நானும் பின்னாடியே ஏறிப் பார்த்தேன்... பனிமேல யாருமே இல்ல. ஈரக் காலடி மட்டும், கரைப் பக்கமா, உங்க தீவ நோக்கிப் போயிருந்துச்சு."