கடைசிப் பாட்டில் ஒரு குரல்

பிற்பகல் 3:12. கதவு மூடியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடுவது என் வேலை. 'ஹெம்லாக் ஃபேர்' என்ற குழுவைத் தேடி இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷையர் போயிருந்தேன். கிராமியப் பாட்டில் போதைக் கனவைக் கலந்த ஆசிட் ஃபோக் குழு. நான்கு பேர். 1971இல் ஒரே ஒரு இசைத்தட்டு. நூறு பிரதி அச்சிட்டால் வரி, அதனால் தொண்ணூற்றொன்பது பிரதிகள்.

"பதினோண்ணு வித்துச்சு," என்றார் எட்மண்ட். குழுவில் உயிரோடு இருப்பவர் அவர் மட்டும். "நாலு எங்கம்மா வாங்கினது. மத்த ஏழும் திரும்பி வந்துருச்சு."

"ஏன்?"

"கடைசிப் பாட்டு பிடிக்கலையாம். எல்லாம் கீழதான் கெடக்கு, ரோவீனா. போய் எடுத்துக்கோ. கதவுக்குச் செங்கல் வச்சுக்கோ. உள்ள கைப்பிடி கிடையாது."

நிலவறை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. மேலே பாடியதை ஒலிபெருக்கி வழியாக இங்கே அனுப்பி, எதிரொலியோடு பதிவு செய்வார்களாம். இப்போது ஒரு மைக் மட்டும் தொங்கியது. அதன் வயர் அறுந்து தரையில் கிடந்தது.

செங்கல்லை வைத்தேன். உறை பிரிக்காத இசைத்தட்டு ஒன்றை எடுத்தேன்.

கதவு சாத்திக்கொண்டது.

3:15. மூன்று முறை தட்டினேன். பதில் இல்லை. மறுபடி இரண்டு.

3:21. மைக் என் பக்கம் திரும்பியிருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

3:30. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"எட்மண்ட்! கதவைத் திறங்க! உள்ள யாரோ இருக்காங்க!"

காதருகே... ஒரு பெண் குரல்.

"ஷ்ஷ்... பதிவாகுது."

3:40. கதவு திறந்திருந்தது. வெளியே யாருமில்லை. செங்கல், வைத்த இடத்திலேயே.

மேலே எட்மண்ட் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கத்தினேனே, கேக்கலையா?"

"நீயா? இங்க ஒரு பூனைகூட கத்தலையேம்மா."

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். கடைசிப் பாட்டு முடியும் இடம். மூன்று தட்டல். பிறகு இரண்டு. பிறகு... என் குரல்.

ஊசி கடைசி வளையத்தில் மாட்டிக்கொண்டது. கதவைத் திறங்க... கதவைத் திறங்க...

எட்மண்டுக்குப் போன் செய்து, போனை ஒலிபெருக்கி அருகில் பிடித்தேன்.

"இதேதான்," என்றார். "எம் பேரச் சொல்லிக் கத்துற பொண்ணு யாருன்னு அம்பது வருஷமாத் தெரியல. பதிவு பண்ணின அன்னிக்கே ஓடிப்போய்க் கதவத் திறந்து பார்த்தோம். உள்ள யாருமே இல்ல."

"அது நான்தான், எட்மண்ட்."

இசைத்தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

"சரிம்மா... ஆனா அவ இன்னும் உள்ளயே கத்திக்கிட்டு இருக்காளே. அப்ப வெளிய வந்தது யாரு?"