நாலு ஹீற்றர் பிளக்கும் ஒரு கண்மருந்துப் போத்தலும்

யாழ்ப்பாணத்தில் குளிர் என்று சொன்னால் கனடாவில் இருக்கும் சித்தப்பா வீடியோவிலேயே விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் சிரிக்கட்டும். எங்கள் ஜீப்புக்குக் கனடா தெரியாது. மார்கழி பிறந்து, நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு மேல் விடியற்காலையில் கொஞ்சம் பனி இறங்கினால் போதும். ஏதோ பனிமலையில் ஏற்றிவிட்டதுபோல விறைத்துப்போய் நிற்கும்.

அப்பா அதை ஏலத்தில் எடுத்தவர். சண்டை முடிந்த பிறகு வந்து, வன்னிச் சேற்றில் வருடக்கணக்காக ஓடி, கடைசியில் கதவிலிருந்த சின்னத்தைச் சுரண்டிவிட்டுப் போன ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் டீசல் ஜீப். நாலு சில்லும் இழுக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் தட்டி, "சுத்த இரும்பு" என்று காட்டுவார். அதில் எனக்கும் சந்தேகமில்லை. காலையில் அது சுத்த இரும்பாகத்தான் நிற்கும்.

அந்த இரும்பால் வீட்டுக்கு ஆகவேண்டியிருந்தது ஒரே ஒரு அலுவல். அக்கா கிளிநொச்சிக்கு உள்ளே, மாரியில் றோட்டும் குளமும் ஒன்றாகிவிடும் ஓர் ஊரில் படிப்பித்தார். கிழமை நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்குவார். வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் விடிய வெளிக்கிடுவார். மாரி தொடங்கினால் அந்த றோட்டுக்கு பஸ் வராது. ஆகவே திங்கட்கிழமைகளில் ஜீப், ஓட்டுவது நான்.

ஏழரைக்கு அந்தப் பள்ளிக்கூட அதிபர் வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர் ஆசிரியர். கீழே வைத்தவர் குற்றவாளி. அந்த வருடம் அக்கா யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டிருந்தார். அதற்கு அதிபர் சிபாரிசு எழுத வேண்டும். எழுதுமுன் அவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் திங்கள். நான் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தரம் முனகிவிட்டு ஓய்ந்தது. கோயிலில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதினார்கள். எங்களுக்காகத்தான் ஊதுகிறார்கள்போல இருந்தது. அக்கா அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரி வரை போய், பஸ் பிடித்து, கடைசித் துண்டைத் தண்ணி வண்டி இழுத்த உழவு மெசினில் கடந்து, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தார். பற்றரிதான் பிழை என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். புதுப் பற்றரி வந்தது.

இரண்டாம் திங்கள். புதுப் பற்றரியும் முனகியது. கராஜ் அண்ணைக்கு அப்பா போன் எடுத்தார். அவர் கட்டிலில் கிடந்தபடியே எங்கள் ஜீப்பின் முனகலைப் போனில் கேட்டு, ஸ்ராட்டர் மோட்டார்தான் என்று கண்டுபிடித்தார். இதயத்துடிப்புப் பார்க்கும் பெரிய டொக்டர்களுக்கும் அந்தத் திறமை இராது. ஸ்ராட்டர் கழற்றப்பட்டு, கம்பி புதிதாகச் சுற்றப்பட்டு, திரும்பப் பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு புதுப் பற்றரி ஸ்ராட்டரை மிக அழகாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அன்றைக்கும் அக்கா கோட்டுக்குக் கீழே.

தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார்ப் பாடம் முடித்து, சோதனை மறுமொழிக்காக வீட்டில் சும்மா இருந்தவள் நான். ஓட்டுநராக என்னை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பொனற்றுக்குள் கைவைப்பதற்கு மட்டும் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு கிழமையும் ஒருவரும் ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஸ்ராட்டர் சுற்றும்போது புகைக்குழாயால் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. அதாவது டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. டீசல் எஞ்சினில் பொறி போடும் பிளக் இல்லை. காற்றை அமத்தி வரும் சூட்டிலேதான் டீசல் பற்றும். குளிரில் அந்தச் சூடு போதாதென்றுதான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீற்றர் பிளக் வைத்திருக்கிறார்கள். பற்றரியிலிருந்து ஒரு சின்ன பல்ப்பைப் பிடித்து ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தேன். நாலில் இரண்டு செத்திருந்தன.

கராஜ் அண்ணை ஒரு தரம் எட்டிப் பார்த்து, "பிள்ளை, டீசல் புத்தகம் படிச்சு ஓடுறேல்லை" என்றார். நான் நாலு பிளக்கும் புதிதாகப் போட்டேன். இரவு முழுக்கப் பனியில் நின்ற ஜீப், ஞாயிறு காலை ஒரே தொடுகையில் எழும்பியது. அன்று முழுக்க நான் வீட்டில் நடந்த நடையை அம்மா இப்போதும் நடித்துக் காட்டுவார்.

மூன்றாம் திங்கள். திறப்பைப் போட்டு, ஹீற்றர் விளக்கு அணையும்வரை பொறுத்து, ஸ்ராட் பண்ணினேன். வெடித்தது. எஞ்சின் மூச்சிழுக்கும் காற்று வடியின் மூடி பறந்துபோய்க் கோழிக்கூட்டில் விழுந்தது. எங்கள் நாய் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தது.

"நல்லாத்தான் திருத்தியிருக்கிறாய்" என்றார் அப்பா.

அக்கா பையை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். அன்றைக்கு அதிபர் அவரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு தரம் கீழே வந்தால் தன் பேனை அந்தக் கடிதத்தில் படாது என்று சொல்லியிருக்கிறார்.

பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றின் நுனிகள் கருகிப் பிளந்திருந்தன. காற்று வடிக்குள் மூக்கை வைத்தேன். பெற்றோல் மணம்.

சண்டையில் தெற்குக்குப் போகும் பாதை பூட்டியிருந்த காலத்தில் இங்கே பெற்றோல் மருந்துபோலக் கிடைத்தது. ஆட்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் அது ஸ்ராட் ஆகாது. அதனால் கண்மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, காற்றுப் போகும் வழியில் நாலு துளி பீச்சிவிட்டு உதைப்பார்கள். அப்படிப் பழகியவர்களுக்கு உலகத்தில் ஸ்ராட் ஆகாத எதற்கும் நாலு துளி பெற்றோல்தான் வைத்தியம். பழுத்துச் சிவந்த ஹீற்றர் பிளக்கின்மேல் பெற்றோல் ஆவி பட்டால் என்ன நடக்கும் என்பதைக் கோழிகளிடம் கேளுங்கள்.

வீட்டில் அந்தக் காலத்து ஆள் யார்? அப்பா. அவர் நல்லூரான்மேல் சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. கடையில் மூன்று பிளக் வாங்கிப் பூட்டினேன்.

நாலாம் திங்கள், கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்றே எல்லோருக்கும் முதல் எழும்பினேன். பொனற் திறந்திருந்தது. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில், சேலை கட்டி, தலைக்குப் பூவும் வைத்து, கையில் கண்மருந்துப் போத்தலோடு அக்கா நின்றார்.

"போன கிழமையும் நீங்களோ?"

"ஓம். சத்தம் போடாதை."

"நான் அப்பாவோடை ஒரு கிழமையாக் கதைக்கேல்லை."

"அம்மா சொன்னவ. வீடு நல்ல அமைதியாம்."

அந்தக் காலத்தில் அப்பா உதைக்க, சின்னப் பிள்ளையான அக்காதான் போத்தலை அமத்துவாராம். அவர் அமத்தி ஸ்ராட் ஆகாத நாளே இல்லையாம். எனக்கு அது தெரியாது. நான் பிறந்து விபரம் தெரியும்போது பாதை திறந்துவிட்டது.

"உன்ரை பல்ப்பிலை எனக்கு நம்பிக்கை இருக்கடி" என்றார் அக்கா. "ஆனா ஏழரை மணியிலை அதைவிட நம்பிக்கை."

ஹீற்றர் பிளக் பற்றி அப்பாவுக்கு, கராஜ் அண்ணைக்கு, பக்கத்து வீட்டுக்கு, கனடாவுக்குக்கூட விளக்கம் கொடுத்திருந்தேன். இடமாற்றம் யாருடையதோ அவருக்கு மட்டும், "நீங்கள் ஏறி இருங்கோ" என்றுதான் சொல்லியிருந்தேன்.

போத்தல் இன்னும் திறபடவில்லை. அதை வாங்கினேன், அவர் உடனே விடவில்லை, கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு அவரை ஓட்டுநர் சீற்றில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நெளிந்த கம்பிபோல ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகும் பத்து எண்ண வேண்டும். அதற்கு முதல் திருப்பக்கூடாது.

அக்கா இரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல உரத்து எண்ணினார். ஏழில் கை திறப்புக்குப் போனது. எட்டில் என்னைப் பார்த்தார். பத்து வரை போய்த்தான் திருப்பினார்.

ஒரு செருமல். குப்பென்று வெள்ளைப் புகை. பிறகு எஞ்சின், இவ்வளவு நாளும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடத் தொடங்கியது.

அப்பா துவாயைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்றார். "பற்றரிதான்."

அக்கா கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தார். அதிபர் சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தாராம்; கொஞ்சம் ஏமாற்றத்தோடு மூடினாராம். மாரி முடியுமட்டும் மிச்சத் திங்கள்களும் மேலேதான். சிபாரிசுக் கடிதம் எழுதப்பட்டது. இப்போது அக்கா படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். ஜீப் தினமும் ஒரே தொடுகையில் எழும்புகிறது. போவதற்குத்தான் இடமில்லை.

அந்த இடமாற்றத்துக்குக் காரணம் பற்றரி என்று அப்பா சொல்கிறார். தான் ஸ்ராட்டருக்குக் கம்பி சுற்றியதுதான் என்று கராஜ் அண்ணை சொல்கிறார். அக்கா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்த நாலாம் திங்கள் ஆனையிறவைக் கடக்கும்போது ஜீப்புக்குள் பெற்றோல் மணந்தது. அவரிடம் வாங்கிய போத்தலை நான் வீட்டு மதிலின்மேல் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நான் அவருடைய கைப்பையைப் பார்த்தேன். அவர் யன்னலால் உப்புத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.