ஸ்ட்ராபெர்ரி மணத்த பேஸ்ட்

வட்டக்கானல் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். விருந்தினர்கள் விட்டுச் செல்லும் சோப்பு, ஷாம்பு எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்படி வந்ததுதான் அந்த ஸ்ட்ராபெர்ரி மணக்கும் பேஸ்ட்.

ஒருநாள் காலை என் நான்கு வயது மகள் ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அருகே காலி ட்யூப் கிடந்தது.

"இனிப்பா இருந்துச்சும்மா. எல்லாத்தையும் தின்னுட்டேன்" என்று முனகினாள்.

பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"அதுல ஃபுளோரைடு இருக்கும்மா, நிறைய உள்ள போனா விஷம். தொண்டைல விரலை விடாதீங்க. பாலைக் குடுத்து வெரசா கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

பனிமூட்டம் மூடிய மலைப்பாதையில் விடுதியின் ஜீப் ஊர்ந்தது. ஜெனி என் மடியில் துவண்டு கிடந்தாள். மாலையில்தான் ஆஸ்பத்திரியில், "இனி பயமில்லைங்க" என்றார்கள்.

இப்போது பேஸ்ட் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பட்டாணி அளவு நானே பிதுக்கிக் கொடுக்கிறேன். துப்பிவிட்டு அவள் வாயைத் திறந்து காட்டாதவரை, வேலைக்குக் கிளம்ப எனக்குக் கால் எழுவதில்லை.