பூசையில் வாசித்த பெயர்

ரோய்ஸ்டனுக்கு வேலை போன செய்தி முதலில் அவன் அக்கா ஷார்மேனுக்குத்தான் வந்தது. அது அவளோடு நின்றிருக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் தெரிந்து, நாலு பேர் நாலு விதமாகப் பேசி, அம்மாக்காரி சோறு தண்ணி இல்லாமல் ரெண்டு நாள் அழுது தீர்த்திருந்தால் பையன் இந்நேரம் ஈப்போவில் ஏதாவது ஒரு டியூஷன் சென்டரில் கத்திக்கொண்டிருப்பான். அக்காள்காரி வாயை மூடிக்கொண்டாள். தம்பி கேட்டுக்கொண்டானாம். கேட்டால்? கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவதா?

மலேசியாவில் கோலா கங்சார் போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையிலும் பாதியை வெட்டி வீடு கட்டி விற்றார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. மிச்சம் இருப்பது தகரக்கூரை போட்ட அந்தோணியார் கோயில் ஒன்றுதான். அப்பா அந்தோணிமுத்து லாரி ஓட்டி, ஒரு நாள் அந்த லாரியோடேயே போய்ச் சேர்ந்தார். அம்மா குழந்தையம்மாள் ரெண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வெளியே லகாட் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து, தொழிற்சாலை கேண்டீனில் சட்டி கழுவி ஆளாக்கினார்.

சட்டி கழுவுவது அவருக்குப் புதிதல்ல. சிறுமியாக இருந்தபோது தோட்டத்து வாத்தியார் வீட்டில் கழுவியவர். வாத்தியார் சைக்கிளில் வந்தால் கங்காணிகூட ஓரமாக ஒதுங்கி நிற்பானாம். அந்தக் காட்சி அவர் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மகன் பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், இவன் வாத்தியார்தான் என்று. பிள்ளைக்கு அதில் ஆசை இருக்கிறதா என்று யார் கேட்டது?

நல்ல வேளை, ரோய்ஸ்டனுக்கும் பிடித்திருந்தது. இங்கிலீஷ் படித்தான், டிகிரி எடுத்தான். அரசாங்கப் பள்ளியில் இடம் வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய், தாய்லாந்தில் பாங்காக்குக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தான். அவ்வளவுதான், குழந்தையம்மாளின் கால் தரையில் நிற்கவில்லை. பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட, "என் மகன் வெளிநாட்டுல வாத்தியாரு" என்றுதான் பேரமே தொடங்கும்.

தோட்டத்து அந்தோணியார் கோயிலுக்கு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டணத்திலிருந்து சாமியார் வருவார். ஈப்போ, தாப்பா, இன்னும் எங்கெங்கோ சிதறிப்போன தோட்டத்துக் குடும்பங்கள் அன்றைக்குக் காடி ஓட்டிக்கொண்டு வந்து கூடும். பூசை தொடங்கும் முன் கருத்து வாசிப்பார்கள். இன்னாருக்கு உடம்பு சரியில்லை, இன்னார் இறந்து வருசம் ஆகிறது, இன்னாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இவர்களுக்காக வேண்டிக்கொள்வோம் என்று. வீட்டு விசேசமும் வீட்டுத் துக்கமும் மைக்கில் வராவிட்டால் அங்கே யாருக்கும் நடந்த மாதிரியே இருக்காது. குழந்தையம்மாள் மாதம் தவறாமல் மகன் பேரில் கருத்துக் கொடுத்தார். வாசிப்பது ஷார்மேன். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறவள். தெளிவான குரல் என்று சாமியாரே அவளை மைக் முன்னால் நிறுத்தியிருந்தார்.

ஒரு மதியம் அவள் கிளினிக்குக்குப் பின்னால் நின்று கடையிலிருந்து தாப்பாவ் பண்ணிக் கட்டிவந்த மீகூனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி அழைத்தான்.

"அக்கா, என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க."

"என்னடா செஞ்ச?"

"ஒன்னும் செய்யலக்கா. பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கு வெள்ளைக்கார டீச்சர் வேணுமாம். என் இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்லையாம், மொகந்தான் சரியில்லையாம். சிரிச்சிக்கிட்டே சொல்றாங்கக்கா."

ஷார்மேன் சாப்பாட்டை மூடி வைத்தாள். அந்த ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு சொன்னாள்: "போவட்டும் விடு. ரயில் ஏறு. ஹாட்யாய் வந்து, பாடாங் பெசார்ல மாறினா ஈப்போ. நான் வந்து ஏத்திக்கிறேன்."

"வரணும்தான்க்கா. வேல பெர்மிட்ட வெட்டிட்டா இங்க இருக்க முடியாது. ஆனா அம்மாகிட்ட இப்ப சொல்லிறாதீங்க. நானே வந்து பக்குவமா சொல்லிக்கிறேன்."

சரி என்றாள்.

அந்த வாரம்தான் முதல் ஞாயிறு. குழந்தையம்மாள் வழக்கம்போல் கருத்துக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷார்மேன் மைக் முன்னால் நின்றாள். தம்பியின் பேர் வந்தபோது நிறுத்தினாள். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்வதா? அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைப்பேசியை உயர்த்தி வீடியோ படம் பிடித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பல்.

"தாய்லாந்து நாட்டில் ஆசிரியராகப் பணிபுரியும் ரோய்ஸ்டனுக்காக ஆண்டவரை மன்றாடுவோம்" என்று வாசித்தாள். சனம் முழுதும் சேர்ந்து மன்றாடியது. பூசை முடிந்ததும் கிழடுகள் எல்லாம் வந்து குழந்தையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த நல்லம்மாள் கண்ணீரே விட்டுவிட்டார். அதையும் படம் பிடித்து, எல்லாவற்றையும் மகனுக்கு அனுப்பிவிட்டுத்தான் குழந்தையம்மாள் காடியில் ஏறினார்.

மறுநாள் தம்பி பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா அனுப்புனதப் பாத்தேன்க்கா. நீங்கதான் வாசிக்கிறீங்க."

"பின்ன என்னடா செய்யச் சொல்ற? நீதானடா சொல்லாதீங்கன்ன!"

"உங்கள ஒன்னும் சொல்லலக்கா. நல்லம்மா பாட்டி அழுவுறாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க வந்து நிக்கிறது?"

"மூஞ்சி என்னடா மூஞ்சி! வந்து சேரு மொதல்ல."

அவன் அதற்குப் பிடி கொடுக்கவில்லை. பிறகு, இங்கே மலேசியாக்காரர்கள் சாப்பிட வரும் கடையில் முதலாளி ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னான். நம்ம ஊர் ஆள். நிலைமையைக் கேட்டதும் சாப்பாட்டுக்குக் காசுகூட இவனைக் கொடுக்கவிடவில்லையாம். வடக்கே எல்லைப் பக்கம் அவருக்குக் கம்பெனி இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்தால் போதும், பெர்மிட்டையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

"என்ன வேல?"

"கஸ்டமர்கிட்ட கம்ப்யூட்டர்ல பேசணும், அவ்ளோதான்."

"என்ன சாமான் விக்கிறாங்க?"

"அதெல்லாம் போனப்புறம் சொல்லித் தருவாங்களாம்."

ஷார்மேனுக்கு விசயம் புரிந்துவிட்டது. இந்த மாதிரிக் கம்பெனிகளைப் பற்றி அவள் கேள்விப்படாதவளா? வேலை என்று கூட்டிப்போய்க் கதவைப் பூட்டி, ஊர் உலகத்து மனிதர்களை இணையத்தில் ஏமாற்ற வைக்கிறார்கள். மறுத்தால் அடி, கரண்டு. தப்பி வந்த பையன்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அழுவதைக் கிளினிக்கில் எல்லோரும் கூடி நின்று கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள்.

"டேய், போவாத. சொன்னா கேளு. அது மாட்டிவிடுற வேலடா!"

"எல்லாரும் அப்படி இருப்பாங்களாக்கா? அவர் தமிழாளு. சர்ச்சுக்கெல்லாம் போறவரு. கொஞ்ச நாள் செஞ்சிட்டு வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிறேன். அம்மாவுக்கு நான் வாத்தியாராவே இருந்துட்டுப் போறேன்."

"ரோய்ஸ்டன்!"

"நான் என்ன சின்னப் பிள்ளையா? விடுங்கக்கா" என்று வைத்துவிட்டான்.

அதன்பிறகு அவள் அனுப்பிய எதுவும் அவனைப் போய்ச் சேரவில்லை. அழைத்தால் மணி அடிக்கவில்லை. பள்ளிக்கு அழைத்தாள், அப்படி ஒருவர் இப்போது எங்களிடம் இல்லை என்று பவ்வியமாகச் சொல்லி வைத்தார்கள். அவனோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் வாத்தியாரைத் தேடிப் பிடித்தாள். வேன் வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினான் என்றார். வேனில் ஏற்கெனவே மூன்று நான்கு பேர் இருந்தார்கள், ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை, எனக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொன்னார். பிடிக்காத மனிதர் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டியதுதானே என்று ஷார்மேனுக்குக் கோபம் வந்தது. மைக்கில் வாசித்தவளுக்கு அடுத்தவரைக் கேட்க என்ன யோக்கியதை என்று அந்தக் கோபம் உடனே தன் மேலேயே திரும்பியது.

அடுத்த முதல் ஞாயிறு நெருங்கியது. கருவாடு ஊறவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குழந்தையம்மாள் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேல போயிருச்சா?"

"ஆமாம்மா."

"அப்புறம் வேற வேல கெடைச்சிருச்சில்ல?"

"அம்மா, அது வேல இல்ல. ஆளப் பிடிச்சி வச்சிக்கிற எடம். போலீசுக்குப் போலாம்மா."

"வாயக் கழுவுடி! போலீசுக்குப் போனா பேப்பர்ல போட்டோவோட போடுவான். நாளைக்கு எவன் அவனுக்கு வேல குடுப்பான்? போன்ல சார்ஜ் இல்லாம இருக்கும். நீ வழக்கம்போல வாசி, போதும். வாத்தியாருன்னே வாசி!"

கடைசிச் சொல்லில் அவர் குரல் உடைந்தது. பயம் அவருக்கும் வந்துவிட்டது. அதை உள்ளே விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஷார்மேன் தன் கைப்பேசியைக் கோயிலில் ஒரு பெண்ணிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள். இறந்தவர்களை வாசித்தாள், நோயாளிகளை வாசித்தாள். பிறகு எழுதியிருந்ததை விட்டுவிட்டுப் பேசினாள்.

"என் தம்பி ரோய்ஸ்டனுக்கு வாத்தியார் வேலை போய்விட்டது. போன மாதம் அது தெரிந்தேதான் நான் பொய்யாக வாசித்தேன். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அவன் வேலை இல்லாமலே வீடு வந்து சேர வேண்டும் என்று மன்றாடுங்கள்."

எல்லோரும் குழந்தையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார்தான் மன்றாட்டைத் தொடங்கிவைத்தார். குழந்தையம்மாள் தலையைத் தூக்கவே இல்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவன் தாராளமாக வரலாம். அது அவனுக்குத் தெரிய வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பூசை முடிந்ததும் வெளியே வந்து படத்தை அவன் எண்ணுக்கு அனுப்பினாள். இத்தனை நாளும் போகாத எண்ணுக்கு இந்த முறை போனது. பார்த்ததற்கு அடையாளமும் விழுந்தது. "அம்மா, தம்பி பாத்துட்டாம்மா!" என்று கத்தினாள். குழந்தையம்மாள் ஓடி வந்தார். சனமும் பின்னால் வந்தது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கிளாசை அப்படியே வைத்தார்கள்.

அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஷார்மேன் எடுத்தாள்.

"தம்பி!"

"வணக்கங்க்கா" என்றது வேறொரு குரல். நல்ல பதமான, சிரித்த குரல். "தம்பி வேலையில இருக்காரு. போன் என்கிட்டதான் இருக்கு."

"நீங்க யாரு?"

"நானும் உங்க ஊருப் பக்கந்தான்க்கா, பேராக்கு. கவலப்படாதீங்க. நீங்க கோயில்ல வாசிச்சதப் பாத்தேன். நம்ம ஊரு கோயிலப் பாத்து எவ்ளோ நாளாச்சி!"

"என் தம்பிகிட்ட குடுங்க."

"குடுக்கலாம், குடுக்கலாம். நல்லா வாசிக்கிறீங்கக்கா. கேட்டா யாரும் நம்புற குரல். இங்கிலீஷும் வருமா உங்களுக்கு? இங்க அந்த மாதிரிக் குரல்தான் தேடிக்கிட்டு இருக்கோம். நீங்க வந்தா தம்பிக்கும் கொஞ்சம் சுலுவா இருக்கும்."

பின்னால் எங்கேயோ நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. பல பாஷைகள். அதில் தம்பியின் குரல் இருக்கிறதா என்று ஷார்மேன் மூச்சை அடக்கிக்கொண்டு தேடினாள். பிரித்து எடுக்க முடியவில்லை.

"யாருடி? தம்பியா? சாப்பிட்டானான்னு கேளு" என்று குழந்தையம்மாள் அவள் கையைப் பிடித்து உலுக்கினார்.

ஷார்மேன் அம்மாவைப் பார்த்தாள். "அது தம்பி இல்லம்மா. அவன வச்சிருக்கிற ஆளு."

குழந்தையம்மாள் கைப்பேசியைப் பிடுங்கினார். தோட்டத்துச் சனம் மொத்தமும் சுற்றி நின்று பார்க்க, நல்லம்மாள் பார்க்க, சாமியார் பார்க்க, வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டு அலறினார்.

"ஐயா, வாத்தியார் வேல வேணாம்யா! ஒன்னும் வேணாம்யா! வெறும் ஆளா வந்துருய்யா! அம்மா ஒன்னும் சொல்ல மாட்டேன்யா!"

ஷார்மேன் ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு, போலீசுக்குப் போக மறுகையால் காடிச் சாவியைத் தேடினாள். நல்லம்மாள் வந்து குழந்தையம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கைப்பேசியை வாங்கினார். அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.