சாயங்கால டீக்கு ஒரு மாத்திரை

வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிற வேலையில் முதலில் ஏறுவது பார்க்கிறவரின் பிரஷர்தான். இந்தப் பையைத் தூக்கித் திரிகிற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்வாசல்

வடக்குத்து கிராமத்தில் ஏழுமலை என்று ஒருவர். மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், கான்ட்ராக்ட் வேலை. பிரஷர் எக்கச்சக்கம். அவருடைய அண்ணன் இதே பிரஷரை அலட்சியம் செய்து, ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடக்கிறார். அது தெரிந்தும் என்னைக் கண்டாலே இவர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். ஒருநாள் தெருவில் மடக்கிக் கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நோயாளின்னு தெரிஞ்சா கான்ட்ராக்டர் நாளைக்கே வேற ஆளை ஏத்திக்குவாரு சிஸ்டர். நான் என்னா பர்மனென்ட்டா, லீவு போட்டு வைத்தியம் பாத்துக்கினு இருக்க?"

காலைச் சாப்பாடு

எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்தேன். ஒரு வாரம் பிரஷர் இறங்கியது; அடுத்த முறை பார்த்தால் மறுபடி மேலே. ஊறுகாயைச் சந்தேகப்பட்டேன், கருவாட்டைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், 'காலைச் சாப்பாட்டுக்குப் பின்' என்று மாத்திரை உறையில் இருந்ததை மனுஷர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். அவர் மனைவி சாந்திதான் விளக்கினார்.

"நைட் ஷிப்ட் வாரத்துல இவுருக்கு ஏதுங்க காலை சாப்பாடு? வூட்டுக்கு வந்ததும் படுத்துக்குவாரு. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நானும் குடுக்கல."

மாறாத நேரம்

இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எந்த ஷிப்டிலும் மாறாத நேரம் ஒன்று சொல்லுங்கள் என்றார். யோசித்ததில் சாயங்கால டீ ஒன்றுதான் தேறியது. ஆனால் செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அந்த டீ மைன்ஸில், கூட வேலை செய்கிறவர்களின் கண்ணெதிரே. ஏழுமலையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் வற்புறுத்த மனசு வரவில்லை. சாந்தி விடவில்லை.

"உங்க அண்ணனுக்கு அண்ணி சோறு ஊட்டிக்கினு இருக்காங்க. எனக்கு அந்த வேலைய வெச்சிடாதீங்க."

டீ நேரம்

அடுத்த செகண்ட் ஷிப்ட் வாரம் முடிந்ததும் ஏழுமலை தானாகவே என்னைத் தேடி வந்தார். முதல் நாள் மாத்திரையைக் கைக்குள் மூடி வாயில் போடுவதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டாராம். பார்த்தவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்திருக்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள், பாவம். வேலைக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டேன். சிரித்தார்.

"ஒருத்தனுக்குன்னா நிறுத்திடுவாங்க சிஸ்டர். மொத்தப் பேருக்கும்னா யாரை வெச்சி வேலை வாங்குவாங்க?"

டாக்டர் எழுதுகிற மருந்து பாதி வேலையைச் செய்கிறது, மீதியை, கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் செய்கிறார்கள், செருப்புத் தேய்ந்த புண்ணியம் மட்டும் எனக்கு.